உப்பில்லாப் பண்டம் குப்பையிலே (எங்க கத்தோலிக்கப் பங்குல பொதுநிலையினர், அதாவது குருமார் துறவியர் இல்லாத சாதாரண விசுவாசிங்க, கூட்டத்துல பேசுனது)

மேடையில இருக்குற எங்க பங்குத்தந்தை அவர்களே, மறைவட்ட முதன்மைக் குரு அவர்களே, எவ்ளோ வேலை இருந்தும் நாம கூப்பிட்டோம்னு வந்திருக்குற பஞ்சாயத்து தலைவர் அம்மா அவர்களே (அவங்க நம்ம மதம் இல்ல, ஆனா நம்ம கோயில் திருவிழாவுக்கு முதல் ஆளா தண்ணி லாரி அனுப்புறது அவங்கதான், அதுக்கு ஒரு கைதட்டு குடுங்க), பள்ளிக்கூடத்து தலைமை ஆசிரியை சிஸ்டர் அவர்களே, பந்தலும் மைக்செட்டும் சொந்த செலவுல போட்டுக் குடுத்துட்டு பேர மட்டும் சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்ட அண்ணாச்சி அவர்களே, அன்பியப் பொறுப்பாளர்களே, கடைசி வரிசையில புள்ளைய மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்குற தாய்மாரே, எல்லாருக்கும் சேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

அன்றாட வாழ்க்கையில விசுவாசத்த வெளிப்படையா வாழுறது எப்படின்னு பேசச் சொன்னாங்க. வீட்டுக்குள்ள, வேலை பாக்குற எடத்துல, ஊருக்குள்ளன்னு மூணா பிரிச்சுக்கிட்டேன். எங்க அம்மா எதுக்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லும், உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு. மத்தேயு 5ஆம் அதிகாரம் 13ஆம் வசனத்துல ஆண்டவர் சொன்னதும் அதேதான், உப்பு சாரமத்துப் போனா வெளிய கொட்டிருவாங்க, போறவன் வர்றவன் மிதிப்பான். தூத்துக்குடி உப்பளத்துல வெயில்ல நின்னு வேலை செஞ்சவங்க நம்மள்ல எத்தனையோ பேர் இருக்கீங்க, உப்போட அருமைய உங்களுக்கு நான் சொல்லணுமா?

வீட்டுக்குள்ள பத்தி நிறைய சொல்ல வேண்டாம், சாயங்காலம் டிவிய அணைச்சுட்டு செபமாலை சொல்லுங்க, குடிக்கிற காச புள்ள படிப்புக்கு குடுங்க, வரதட்சணை வாங்காதீங்க. வேலை எடத்துல, தராசு சரியா இருக்கணும், பில்லு சரியா இருக்கணும், கூலிய அன்னன்னைக்கே குடுக்கணும். வண்டி கண்ணாடியில சிலுவை ஸ்டிக்கர் ஒட்டுறது நல்லதுதான், ஆனா ஏறுற பாட்டிகிட்ட நியாயமான காசு வாங்குனாத்தான் அந்த ஸ்டிக்கருக்கு மதிப்பு. இத இன்னும் விரிவா சொல்லலாம்னு குறிச்சுட்டு வந்தேன், டைம் பத்தாது, மூணாவதுக்கு வர்றேன்.

நம்ம மண்ணுல வெளிப்படையா வாழ்ந்தவர்னா புனித தேவசகாயம்தான். 1712ல நட்டாலத்துல பொறந்தவரு, திருவிதாங்கூர் ராஜாகிட்ட அதிகாரியா இருந்தவரு, குளச்சல் போர்ல தோத்து ராஜாவோட படையிலயே சேந்துட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் மூலமா ஆண்டவர அறிஞ்சு 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்குனாரு. மனசுக்குள்ள வச்சுக்கிட்டு பேசாம இருந்திருந்தா பதவியும் போயிருக்காது, உசுரும் போயிருக்காது. அவரு தாழ்த்தப்பட்டவங்களோட சரிசமமா பழகுனாரு, அதத்தான் மேல்சாதிக்காரங்களால தாங்க முடியல. எருமை மேல ஏத்தி ஊர் ஊரா இழுத்துட்டுப் போயி, 1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழி காத்தாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. 2022 மே 15ல ரோம்ல புனிதர்னு அறிவிச்சாங்க, இந்தியாவுல பொதுநிலையினர்ல இருந்து வந்த முதல் புனிதர். அந்த அறிவிப்புல அவரு பேரோட ஒட்டியிருந்த 'பிள்ளை'ங்கிற சாதிப் பேர எடுத்துட்டாங்கய்யா, அது எவ்ளோ பெரிய விஷயம்!

ஆனா அதே வடக்கன்குளத்துல அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு? கோயிலுக்குள்ளயே சாதிக்கு ஒரு பக்கம்னு பிரிச்சு நடுவுல சுவர் வச்சாங்க, 1910ல குருவானவர் கௌசானல் சாமியார் காலத்துலதான் அத இடிச்சாங்க, சுவர் வேணும்னவங்க அதுக்கும் கேஸ் போட்டு ஐகோர்ட்டு வரைக்கும் போனாங்க, அங்கயும் தீர்ப்பு அவங்க பக்கம் நிக்கல. கோயில் சுவர் போயிருச்சு, கல்லறைத் தோட்டத்து சுவர் போச்சா? நம்ம தமிழ்நாட்டுல இன்னைக்கும் எத்தனை எடத்துல ரெண்டு கல்லறை இருக்கு, திருச்சி மேலப்புதூர் கல்லறையில சாதி பிரிக்கிற சுவர் பத்தி பேப்பர்ல எல்லாம் வந்துச்சே. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு நான் சும்மா சொல்லல.

நான் சின்னப் பையனா இருந்தப்போ ஒரு ஊர்ல நடந்தத சொல்றேன், ஊர் பேர் வேண்டாம். அங்க ஒரு பாட்டி, கோயில் பாட்டின்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். விடியக்காலம் முதல் மணிக்கு முன்னாடியே வந்து கோயில பெருக்கும், பீடத்துப் படியில ஒழுகி ஒட்டிக்கிட்டிருக்குற மெழுக ஒரு மொக்கக் கத்தியால சுரண்டி உருண்ட உருண்டையா உருட்டி முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கும், திவ்ய நற்கருணை வாங்கப் படிக்கிற புள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுக்கும், நானும் வாங்கியிருக்கேன், மூக்குல வச்சா மெழுகு வாசமும் வெத்தல வாசமும் சேந்து வரும். காசு வாங்காது, திருவிழாவுக்கு ஒரு சேலை குடுத்தா வாங்கிக்கும். ஐப்பசி மாசம், அடை மழை, பாட்டி செத்துப் போச்சு. பூசை முடிஞ்சு பெட்டிய தூக்கிட்டு போறாங்க, கல்லறையில பாட்டியோட சாதி ஆளுங்களுக்குன்னு ஒதுக்கியிருந்த பக்கம் பள்ளம், முழங்கால் தண்ணி நிக்குது. குழி வெட்ட வெட்ட தண்ணி ஊறுது, வெட்டுறவரு கடப்பாரைய போட்டுட்டு கரையில வந்து நின்னுட்டாரு. மேட்டுப் பக்கம் எடம் கிடக்கு, காஞ்சு கிடக்கு, ஆனா யாரும் வாயத் தொறக்கல. உபதேசியார் சாமியார் முகத்தப் பாக்குறாரு, சாமியார் ஊர்ப் பெரியவங்க முகத்தப் பாக்குறாரு. பெட்டி மழையில நனையுது, மேல போட்ட மால எல்லாம் ஊறி தொங்குது.

அப்போ ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர், மேட்டுப் பக்கத்துக்காரரு, குடைய மடக்கிட்டு முன்னாடி வந்தாரு. "எம் பொஞ்சாதி பக்கத்துல எனக்குன்னு எடம் போட்டு வச்சிருக்கேன், அங்க வையுங்க"ன்னாரு. அவரோட சொந்த மச்சானே, "அத்தான், நாளைக்கு உங்கள எங்க வைக்கிறது"ன்னு கத்துறாரு. வாத்தியார் திரும்பிக்கூடப் பாக்கல, "எங்க எடம் இருக்கோ அங்க வை, அந்தப் பள்ளத்துல வச்சாலும் சரி"ன்னுட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டி மம்பட்டிய அவரே எடுத்துட்டாரு. அவரு வெட்ட ஆரம்பிச்சதும் அவருகிட்ட படிச்ச பயலுக நாலஞ்சு பேரு ஓடி வந்து கையிலிருந்து வாங்கிட்டாங்க. அந்த ஊர்ல அன்னைக்கு பிரசங்கமே தேவைப்படல.

அதனால நம்ம பங்குக்கு நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். நம்ம கல்லறைத் தோட்டத்துல இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு பிரிச்சிருக்குற அந்த வேலிய எடுக்கணும். யாரு எப்போ செத்தாலும் வரிசைப்படி அடுத்த குழின்னு ஒரே ரெஜிஸ்டர் இருக்கணும், குடும்பத்துக்கு ரிசர்வ் பண்றதும் வேண்டாம். வேலி எங்க தாத்தா காலத்துல இருந்து இருக்குன்னு சிலர் சொல்றீங்க, வடக்கன்குளத்து சுவரும் அப்படித்தான் இருந்துச்சு. ஒரே பீடத்துல ஒரே அப்பத்த வாங்குறோம், செத்தப்புறம் மட்டும் எதுக்கு தனித்தனி மண்ணு? நம்ம ஊர்ல இந்துக்களும் முஸ்லிம்களும் நம்மள பாத்துக்கிட்டுதான் இருக்காங்க, தலைவர் அம்மாவும் இங்க கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க. உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு இருந்தா, உப்பில்லாப் பண்டம் குப்பையிலேதான்.

வெளிய உபதேசியார் மேசையில மனு வச்சிருக்கு, குடும்பத் தலைவர் மட்டும் இல்ல, வீட்டுப் பொம்பளைங்களும் கையெழுத்து போடுங்க, எழுதத் தெரியாதவங்க கைநாட்டு வைக்கலாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னாடி பங்குப் பேரவை கூடுது, அங்க வச்சு தீர்மானம் போடணும்னு சாமியார்கிட்ட நேர்லயே கேட்டிருக்கேன். பேனா இல்லாதவங்க எங்கிட்ட வாங்கிக்குங்க, டீ குடிச்சுட்டு அப்படியே போயிராதீங்க.