பக்கத்து டேபிளுக்கு ஒரு வணக்கம்

(திருப்பூரில் ஒரு வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, இரண்டு கல்யாணங்களுக்கு நடுவே எட்டிப்பார்த்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்து என் ஒற்றுப்பிழைகளை எண்ணிக்கொண்டிருக்கும் எங்கள் தமிழம்மா அவர்களே, நாற்காலியும் டீயும் உபயம் செய்த பனியன் கம்பெனி முதலாளி அவர்களே, இரண்டு முறை கரண்ட் போயும் முகம் சுளிக்காத மைக்செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கமுங்க. யாரையாவது விட்டிருந்தால் டீ குடிக்கும்போது திட்டிக்கொள்ளலாம்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை என்று என் வீட்டம்மா கேலி செய்வார். இன்றைக்கும் அதேதான். பிறமொழி வணக்கங்களை ஏன் கற்க வேண்டும், எப்படிக் கற்க வேண்டும், பிள்ளைகளுக்கு எப்போது சொல்லித்தர வேண்டும் என்று மூன்று செய்திகள் வைத்திருக்கிறேன்.

தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸ் நம்ம ஸ்டேஷனில் நிற்கும்போது போய்ப் பாருங்கள். ஜார்க்கண்டும் ஒடிசாவும் மூட்டை முடிச்சோடு இறங்கும். அத்தனை பேருக்கும் நாம் வைத்த ஒரே பெயர் 'இந்திக்காரன்'. ஒடியாக்காரர் நலம் கேட்பது 'கெமிதி அச்சந்தி'. வங்காளி 'கேமோன் ஆச்சேன்' என்பார். போஜ்புரிக்காரருக்கு 'கா ஹால் பா'. முர்ஷிதாபாத்திலிருந்து வந்த முஸ்லிம் தம்பிக்கு 'அஸ்ஸலாமு அலைக்கும்' போதும். அது நம்ம பாய் கடையில் தினமும் கேட்கிறதுதானே.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருத்தர் பனியன் கம்பெனியில், தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங்கில் இருக்கிறார். பக்கத்து டேபிளுக்குப் புதிதாக ஒரு சந்தாலிப் பெண், ஜார்க்கண்ட் பக்கத்துப் பழங்குடிப் பெண், வந்து நின்றாள். வாயே திறக்கவில்லை. மற்ற பெண்கள் 'திமிரு பாரு' என்று முடிவுகட்டிவிட்டார்கள். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. கட்டிங்கில் இருந்த ராஞ்சிப் பையனைப் பிடித்து, 'ஏங்கண்ணு, உங்க ஊருல எப்படிக் கும்பிடுவீங்க?' என்று விசாரித்தார். அவன் 'ஜோஹார்' என்று சொல்லிக்கொடுத்தான். அக்கா பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வீடு போனார், குழம்பு வைக்கும்போதும் முணுமுணுத்தார், வீட்டுக்காரர் 'என்ன மந்திரம்?' என்று பயந்தே போனார். காலையில் தூக்குப்போசியோடு அந்தப் பெண் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் கூப்பி, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: 'ஜோக்கர்!'

(சிரிப்பு, கைதட்டல்)

சூப்பர்வைசர் மிஷினை விட்டு எழுந்து வந்துவிட்டார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, பிறகு மெதுவாக 'ஜோ…ஹார்' என்று திருத்தினாள். மத்தியானம் அவள் கேட்டாள்: 'அக்கா, சாப்ட்டாச்சுங்களா?' சொல்லுக்குப் பின்னால் 'ங்க' போடுகிற வித்தையை எப்போது பிடித்தாளோ! வாயுள்ள பிள்ளை பிழைக்கும். வாயைத் திறக்க வைக்க ஒரு ஆளும் வேண்டும் என்பது என் சொந்தச் சேர்க்கை.

2023 மார்ச்சில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிமாநிலத் தொழிலாளிகளை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்து ஊருக்குக் கிளம்பியவர்களும் உண்டு. காவல்துறை இந்தியிலேயே மறுப்புச் சொன்னது, பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கே வந்து பார்த்துவிட்டுப் போனது. நல்ல காரியம். ஆனால் 'அப்படி ஒண்ணும் இல்ல தம்பி, நீ தூங்கு' என்று அவர்கள் குடியிருக்கிற லைன் வீட்டின் சொந்தக்காரர் ராத்திரியே சொல்லியிருந்தால்? சொல்ல முதலில் பேச்சுவார்த்தை இருந்திருக்க வேண்டும்.

இனி எப்படிக் கற்பது. அதற்குத்தான் நூலகத்தில் பூட்டிக்கிடக்கிற அந்த மாடி அறை. எந்த நூலகம் என்று சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். உடைந்த பெஞ்சுகளும் பழைய பேனரும் குடியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. சாயங்காலம் ஒரு மணி நேரம் திறந்துவிடட்டும். ஒரு வாரம் ஒடியாக்காரர் நமக்குச் சொல்லித்தரட்டும், மறுவாரம் நாம் அவருக்கு. வாத்தியார் சம்பளம் கிடையாது. ஒரு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு சாவி. உறுப்பினர் அவர்கள் தலையாட்டுகிறார், அதைப் புகைப்படக்காரர் எடுத்துவிட்டாரா?

நேரமாச்சு என்று தலைவர் சீட்டு நீட்டிவிட்டார். பிள்ளைகள் விஷயத்தை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும், சரி. கையெழுத்துப் போடுகிற பிள்ளைகளும் வேண்டும். மாடி அறையைத் திறந்துவிடக் கேட்கிற மனு டீ டிரம்முக்குப் பக்கத்தில் இருக்கிறது. வடை சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டுப் போடுங்கள், போன தடவை எண்ணெய்க் கறை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.