சுங்கச்சாவடியில் கணக்குப் பலகை வேண்டும்

(நுகர்வோர் விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத் தலைவர் ஐயா அவர்களே, வரவேற்புரை என்ற பெயரில் என் பேச்சில் பாதியைப் பேசிவிட்ட செயலாளர் அவர்களே, வணிகர் சங்கப் பெரியவர்களே, லாரி உரிமையாளர் சங்கப் பொறுப்பாளர்களே, வந்துகொண்டிருப்பதாகச் செய்தி அனுப்பியிருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடை, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நெடுஞ்சாலைப் பொறியாளர் ஐயாவுக்கே உரியது. மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த திருமண மண்டப உரிமையாளருக்கும் நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். விரைவுச்சாலை யார் பணத்தில் எழுகிறது, கட்டணம் எப்படி நிர்ணயமாகிறது, பராமரிப்பு எந்த லட்சணத்தில் நடக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழி: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. வழக்கமாக என் கூட்டத்துக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், இன்னும் இரண்டு முறை வரும்.

அரசிடம் பணமில்லை, அதனால் தனியாரை அழைக்கிறோம் என்பார்கள். மும்பை–புனே விரைவுச்சாலையைப் பாருங்கள். தனியார் நிறுவனம் ஒன்று 3,600 கோடி ரூபாய் கேட்டது. மகாராஷ்டிர அரசு அதை மறுத்து, சாலைக்கென்றே ஒரு கழகம் அமைத்து, கடன் திரட்டி, ஏறத்தாழ 1,600 கோடியில் முடித்தது. 2002இல் சாலை முழுமையாகத் திறந்தது. கைதட்ட வேண்டிய காரியம். ஆனால் 2004இல் அதன் கட்டண வசூல் உரிமையை ஒரு தனியார் நிறுவனத்துக்கு 15 ஆண்டுகளுக்கு 918 கோடி ரூபாய்க்குக் கொடுத்தார்கள். 2020இல் அதே உரிமை பத்தாண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்துக்கு 8,262 கோடிக்குப் போனது. வண்டிகள் பெருகின, கட்டணம் ஏறியது, எல்லாம் சரி. 918 கோடி என்று முதலில் அளந்த படி எந்தப் படி? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

அடுத்து கட்டணம். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2008ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. காருக்குக் கிலோமீட்டருக்கு 65 பைசா அடிப்படை. ஆண்டுதோறும் 3 சதவீதம் தானாக ஏறும். மொத்த விற்பனை விலைவாசியைக் காட்டும் குறியீட்டின் உயர்வில் 40 சதவீதம் அதன்மேல் ஏறும். ஒரே திசையில் 60 கிலோமீட்டருக்குள் இரண்டாவது சாவடி பொதுவாகக் கூடாது. நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். ஆனால் விதிவிலக்குக்கும் விதியிலேயே இடமிருக்கிறது. திருமங்கலத்தை ஒட்டி நிற்கும் கப்பலூர் சாவடிக்காக அந்த ஊர் மக்கள் எத்தனை முறை சாலையில் உட்கார்ந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

என் பெரியப்பா கதை இங்கே சொல்லியாக வேண்டும். உறவுக்காரப் பையன் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு வேனில் சீர்த்தட்டு, பலகாரக் கூடை, குழந்தைகள் என்று அடைத்துக்கொண்டு போகிறோம். ஊர் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஒரு சாவடியில் வேனை நிறுத்திவிட்டார்கள். பாஸ்டேகில் பணம் தீர்ந்திருந்தது. இரட்டைக் கட்டணம் கட்டு என்றார்கள். ஓட்டுநர் கைபேசியை வானத்துக்குக் காட்டிச் சிக்னல் தேடுகிறார். பின்னால் ஹாரன். பெரியம்மா முகூர்த்தம் போகிறது என்று புலம்புகிறார். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, கட்டண விலக்குப் பலகையின் முன்னால் போய் நின்றார். தலைமை ஆசிரியராக இருந்தவர், சத்தம்போட்டுத்தான் படிப்பார். "குடியரசுத் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர்..." ஒவ்வொரு பதவிக்கும் ஒரு நிறுத்தம். பக்கத்து வரிசை லாரி ஓட்டுநர்கள்கூட எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். கடைசி வரி வரை படித்துவிட்டு, கூண்டிலிருந்த இளைஞனிடம் கேட்டார்: "தம்பி, இதில் மாப்பிள்ளை வீட்டார் இல்லையா?" அவன் சிரித்துவிட்டான். "ஐயா, எனக்கே இதில் இடமில்லை" என்றான். பெரியப்பா இரட்டைக் கட்டணத்தைக் கட்டினார். தாலி கட்டி முடித்த பிறகுதான் மண்டபத்துக்குள் நுழைந்தோம். பெரியம்மா இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை.

சிரித்தீர்கள். பரனூர் சாவடியைக் கடந்த வண்டிகளில் பாதிக்கு மேல் கட்டண விலக்குப் பெற்றவையாகக் கணக்கில் காட்டப்பட்டிருந்ததை 2023இல் மத்தியத் தணிக்கை அறிக்கை எடுத்துச் சொன்னது. அத்தனை ஆளுநர்கள் செங்கல்பட்டு வழியாகப் போனார்களா?

போட்ட முதல் திரும்பிய பிறகு கட்டணத்தை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்று விதியில் இருந்தது. 2023 திருத்தத்தில் அதையும் கழற்றிவிட்டார்கள். அதனால்தான் நானும் சில நண்பர்களும் ஊர் ஊராக ஒரே கோரிக்கையோடு அலைகிறோம். ஒவ்வொரு சாவடியிலும் விலக்குப் பட்டியலுக்குப் பக்கத்தில், அதே அளவில், ஒரு கணக்குப் பலகை வேண்டும். சாலைக்கு ஆன செலவு, நேற்றுவரை வசூலானது, கட்டணமில்லாமல் போன வண்டிகள், ஒப்பந்தம் முடியும் நாள். 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமான பிறகு ஒவ்வொரு வண்டியும் கணினியில் பதிவாகிறது. காசை எடுக்க நொடி போதுமென்றால் கணக்கைக் காட்டவும் நொடி போதும். நாம் ஆற்றிலே போடவில்லை, சாவடியில் போடுகிறோம். அளந்து காட்டுங்கள்.

பராமரிப்பைத் தொடவே இல்லை, தலைவர் ஐயா மணியைத் தட்டிவிட்டார். பொறியாளர் ஐயா அதை என்னைவிட நன்றாகப் பேசுவார். வாசலில் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் மனுவின் படிவங்கள் இருக்கின்றன. பெயரோடு, நீங்கள் அடிக்கடி கடக்கும் சாவடியின் பெயரையும் எழுதுங்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கப் போகிறோம். வேன் ஏற்பாடு செய்திருக்கிறோம், பாஸ்டேகில் பணமும் போட்டாயிற்று. வணக்கம்.