முதலில் மாற வேண்டியது தட்டுதான்

நடுவர் அவர்களே, எதிரணித் தம்பிகளே, காலையில் பொங்கல் வைத்த அலுப்போடு இந்த நேரத்திலும் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் தண்டையார்பேட்டை அக்காக்களே, அண்ணன்களே, எல்லோருக்கும் பொங்கல் வணக்கம்.

உடம்பு இளைக்க முதலில் கை வைக்க வேண்டியது தட்டிலா, நடையிலா? இதுதான் இன்றைய தலைப்பு. தட்டில்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஜிம்மில் பயிற்சி கொடுப்பவர். மூன்று விஷயம் சொன்னார். உழைக்கிற உடம்பில் கொழுப்பு தங்காது என்றார். நம்ம பக்கத்துக் குத்துச்சண்டை ஆட்டக்காரர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சிக்கு ஒதுக்க முடியாது என்பது வெறும் சாக்கு என்றார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். முதல் விஷயத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். அதைக் கேட்டபோதுதான் எனக்கு மனசு வலித்தது.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் 11 வருஷமாக வேலை பார்க்கிறேன். காலை பத்து மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் நிற்பதுதான் வேலை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்த பிறகுதான் எங்கள் பிரிவுக்கு ஒரு ஸ்டூல் வந்தது. ஸ்டாக் மூன்றாவது மாடியில். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறேன் என்று எண்ணியதே இல்லை. அப்படிப்பட்ட வேலையில் 62 கிலோவில் சேர்ந்தவள், ஒன்பதாவது வருஷம் 78 கிலோவில் இருந்தேன். தம்பி, எனக்கு உழைப்பு போதவில்லையா?

சரி, என்னை விடுங்கள். காசிமேட்டுக்கு வாருங்கள். விடிவதற்கு முன்னாலேயே ஏலத்துக்குப் போய் நின்று, மீன் எடுத்து, கூடையைச் சுமந்து, தெருத்தெருவாக விற்றுவிட்டு மத்தியானம் வீடு திரும்பும் அக்காக்களைப் பாருங்கள். அவர்களிலும் பருத்த உடம்பு உண்டு, முட்டி வலி உண்டு, சுகர் உண்டு. அந்த அக்காவைப் பார்த்து "உழைத்தால் இளைத்துவிடலாம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. குண்டாக இருப்பவர்களைச் சோம்பேறி என்று நினைப்பது இந்த ஊரில் பாதிப் பேருக்குச் செய்கிற அநியாயம்.

இது என் மனக்குறை மட்டும் கிடையாது, ஆராய்ச்சியும் இதைத்தான் காட்டுகிறது. ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில் ஹட்சா என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். வேட்டையாடி, கிழங்கு தோண்டி, தேன் எடுத்துப் பிழைப்பவர்கள். நம்மைப் போலப் பல மடங்கு நடப்பவர்கள். ஹெர்மன் பான்ட்சர் என்ற ஆய்வாளரின் குழு, ஒரு நாளைக்கு அவர்கள் உடம்பு எவ்வளவு கலோரி செலவழிக்கிறது என்று அளந்து 2012இல் வெளியிட்டது. உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் செலவழிப்பதும் அவர்கள் செலவழிப்பதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. ஏன் அப்படி என்பதற்கு அவர் சொல்லும் விளக்கம் நம் வீட்டுக் கதை மாதிரியே இருக்கிறது. வரும்படி மாறாத வீட்டில் ஒரு செலவு கூடினால் அம்மா இன்னொரு செலவை இழுத்துப் பிடிப்பார்கள் இல்லையா? நெடுநாள் கடுமையாக உழைக்கும் உடம்பும் அப்படித்தான், உள்ளே வேறு எங்கோ சிக்கனம் பிடித்துக்கொள்கிறதாம். அதனால்தான் நடையை இரண்டு மடங்கு ஆக்கினால் இளைப்பும் இரண்டு மடங்கு ஆகும் என்ற கணக்கு பொய்த்துப் போகிறது.

கணக்கு என்று வந்ததால் சொல்கிறேன். 70 கிலோ எடையுள்ள ஒருவர் மிதமான வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகும். அதிலும் 35 கலோரி, சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கக் கூடியது. ராத்திரி கடையில் சாப்பிடும் இரண்டு பரோட்டா, சால்னாவைச் சேர்க்காமலேயே 500 கலோரியைத் தாண்டும். அதைத் தின்னப் பத்து நிமிஷம். அதை நடந்து தீர்க்க இரண்டு மணி நேரத்துக்கு மேல். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. இதை நடந்தே கரைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, நான் இந்த மேடைக்கு வந்ததே இதைச் சொல்லத்தான். நாலு பேர் இருக்கும் வீட்டில் மாசம் ஐந்து லிட்டர் எண்ணெய் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் பாமாயில், கடையில் வாங்கும் எண்ணெய் எல்லாம் சேர்த்துத்தான். அதை மூன்று லிட்டராகக் குறைத்தால் என்ன ஆகும்? ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். எந்த எண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி. இரண்டு லிட்டர் குறைந்தால் வீட்டுக்கு மாசம் 16,000 கலோரிக்கு மேல் மிச்சம். நாலு பேருக்கும் முப்பது நாளுக்கும் பிரித்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 135 கலோரி. அதாவது வீட்டில் எல்லோரும், படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டி உட்பட, தினமும் அரை மணி நேரம் நடந்த கணக்கு. இதற்கு ஷூ வேண்டாம், ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டாம். பாட்டிலிலிருந்து சட்டியில் அப்படியே ஊற்றாமல் ஒரு கரண்டி வைத்து அளந்து ஊற்றினால் போதும்.

இப்போது என் சொந்தக் கதை. 78 கிலோவில் முட்டி வலி வந்ததும் நானும் முதலில் நடக்கத்தான் போனேன். ராயபுரம் ராபின்சன் பூங்காவில் காலையில் அரை மணி நேரம், நாலு மாசம், மழை நாளைத் தவிர ஒரு நாள்கூட விடவில்லை. ஒன்றரை கிலோ குறைந்தது. அவ்வளவுதான். நடந்துவிட்டு வந்தால் பசி கூடுதலாக எடுத்தது, இரண்டு இட்லி மூன்றானது. திரும்பும் வழியில் கூட நடந்தவர்களோடு ஒரு டீ, ஒரு வடை. நடந்திருக்கிறோமே என்ற தைரியம்.

எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் அக்காதான் வழி காட்டினார். "ஒரு வாரம் எதையும் மாற்றாதே. வாயில் போடுவதை எல்லாம் எழுதி மட்டும் வை" என்றார். கடையில் வீணான பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதினேன். எழுதிப் பார்த்தால், ஒரு நாளைக்கு ஐந்து டீ. டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பத்து ஸ்பூன் சர்க்கரை, 50 கிராம். டீயில் இருக்கும் சர்க்கரை மட்டும் 200 கலோரி. சாப்பாடு மூன்றரை மணிக்குத்தான் கிடைக்கும் என்பதால் அதுவரை பசியை அடக்க டீயும் பிஸ்கட்டும். அப்புறம் அந்தப் பசியில் உட்கார்ந்தால் சோறு எவ்வளவு போகிறது என்பதே தெரியாது.

மாற்றியது கொஞ்சம்தான். டீ இரண்டு, அதில் ஒரு ஸ்பூன். பதினொன்றரை மணிக்கு ஒரு டப்பா சுண்டலோ, அவித்த முட்டையோ. சோறு பாதி, காய் இரண்டு பங்கு. வாரத்தில் மூன்று நாள் வறுவலுக்குப் பதில் மீன் குழம்பு. மீனுக்கு நாம் எங்கேயும் போக வேண்டாம், காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது. கானாங்கெளுத்தியோ மத்தியோ, புரதம் நிறைய. புரதம் சீக்கிரம் பசிக்க விடாது. பத்து மாசத்தில் 69 கிலோவுக்கு வந்தேன். என் கடையில் டேப் எப்போதும் கையிலேயே இருக்கும், இடுப்பையும் அளந்துகொண்டே வந்தேன். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதற்கு மேல் போனால் ஆபத்து என்று டாக்டர்கள் கோடு போட்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் எல்லோரும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

நடுவர் அவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பத்து மாசமும் நான் நடையை விடவில்லை. அதே பூங்கா, அதே அரை மணி நேரம். முதல் நாலு மாசத்தில் ஒன்றரை கிலோ, தட்டு மாறிய பிறகு ஏழரை கிலோ. நடை அப்படியேதான் இருந்தது.

அடுத்து, தம்பி கூப்பிட்ட சாட்சி. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பெருமையாகச் சொன்னார். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் ஆட்டக்காரருக்கு ஓட்டமும் கயிறு தாண்டுவதும் அன்றாடம் இருப்பதுதானே? எடைப் பிரிவுக்குள் வந்தாக வேண்டும் என்ற நிலை வரும்போது அவர் வீட்டில் மாறுவது எது? சோறுதான். ஆட்டத்தை விட்ட பிறகும் பழைய அளவிலேயே சாப்பிட்டு எடை போட்ட அண்ணன்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்களையும் கேளுங்கள்.

தட்டில் கை வைப்பது என்றால் பட்டினி என்று எதிரணி பயமுறுத்தும். பட்டினி எங்கள் கட்சி கிடையாது. அமெரிக்காவில் மினசோட்டாவில் 1944–45இல் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆறு மாசம் அரை வயிற்றுச் சாப்பாடு. எடை கால்வாசி குறைந்தது. கூடவே உடம்பு சில்லிட்டது, தெம்பு போனது, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாகவே ஆகிவிட்டார்கள். அந்த வழி நமக்கு வேண்டாம். பிடித்ததை விடவும் வேண்டாம். பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் சனங்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸை பீச் ஸ்டேஷன் எதிரில் சாப்பிடாமல் வட சென்னையில் எப்படி இருப்பது? முதலில் வாழைத்தண்டு சூப்பைக் குடியுங்கள், அப்புறம் ஒரு தட்டை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். சுகருக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும்.

உடற்பயிற்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். சுகர், பிரஷர், தூக்கம், மனசு எல்லாவற்றுக்கும் அது வேண்டும். வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். எடை தூக்கும் பயிற்சி அந்தத் தசையைக் காப்பாற்றும். குறைந்த எடை திரும்ப ஏறாமல் இருக்கவும் நடை உதவும். தம்பியின் தொழிலுக்கு என் மரியாதை உண்டு. ஆனால் தலைப்பு கேட்பது எது முதலில் என்று.

கடைசியாக, சாக்கு என்றாரே அந்த ஒரு மணி நேரம். மணி அடித்துவிட்டார்கள், அதனால் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். விடிகாலை ஐந்து மணிக்குக் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் பிடித்து வேலைக்குப் போய், ராத்திரி பத்து மணிக்கு அடுப்பைத் திரும்பப் பற்ற வைக்கும் பெண் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள், கை தூக்குங்கள். தம்பி, இந்தக் கைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பு இவர்கள் கையில் இருக்கிறது, எண்ணெய்க் கரண்டியும் இவர்கள் கையில் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தை எங்கிருந்து எடுத்து இவர்களுக்குக் கொடுப்பீர்கள் என்பதை உங்கள் பதிலுரையில் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.