விக்ரம் கழன்று தனித்த நாள்

வணக்கம். சந்திரயான்-3 என்றதும் 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு நிகழ்ந்த தரையிறக்கமே எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறது. நான் இன்று பேச வந்திருப்பது அதற்கு 6 நாள்கள் முன்பு, ஆகஸ்ட் 17 அன்று, நிலவு வரை சுமந்து வந்த உந்துவிசைக் கலனிலிருந்து, தரையிறங்கும் கலமான விக்ரம் லேண்டர் பிரிந்ததைப் பற்றி.

இப்போது திரையில் ஓடுவது, பிரிந்த சற்று நேரத்தில் விக்ரமின் கேமரா எடுத்த காட்சி. ஜோர்டானோ புரூனோ என்னும் பெரும்பள்ளம் இதில் தெரிகிறது. நிலவு இவ்வளவு நிதானமாக நகர்வதைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள், ஏனெனில் அப்போது விக்ரம் நொடிக்கு ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்துகொண்டிருந்தது. கையிலிருந்து நழுவிய கல் கீழே விழும் என்ற நம் அன்றாட அனுபவம் அங்கே செல்லாது. 153-க்கு 163 கிலோமீட்டர் என்ற, அதாவது நிலவுக்கு மிக அருகில் 153, மிகத் தொலைவில் 163 கிலோமீட்டர் உயரம் கொண்ட, கிட்டத்தட்ட வட்டமான பாதையில் இரண்டும் ஒன்றாகச் சுற்றியதால், பிரிந்த பிறகும் அவை அதே உயரத்தில் அருகருகே சுற்றிக்கொண்டுதான் இருந்தன. கீழே வரவேண்டுமானால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்த வேலையை மறுநாள் விக்ரம் முதன்முறையாகத் தன் சொந்த எஞ்சின்களைக் கொண்டே செய்து 113-க்கு 157 கிலோமீட்டர் பாதைக்குத் தாழ்ந்தது. ஆகஸ்ட் 20 அன்று 25-க்கு 134 கிலோமீட்டர் பாதையை எட்டியது.

சேர்ந்தே இறங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். காற்றில்லாத நிலவில் பாராசூட் பயன்படாது. இறக்கும் ஒவ்வொரு கிலோவையும் எரிபொருளை எரித்துத்தான் நிறுத்த வேண்டும். புறப்படும்போது 3,900 கிலோவாக இருந்த மொத்த எடையில் ரோவருடன் சேர்ந்த விக்ரமின் பங்கு 1,752 கிலோ மட்டுமே. தன் வேலையை முடித்துவிட்ட கலனை மிச்சத் தொலைவுக்கும் சுமப்பது வீண்.

இந்தக் கலனைத் தாய்க்கலம் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1969-இல் அப்போலோ 11-இன் தரையிறங்கும் கலமான ஈகிள் பிரிந்தபோது, அது திரும்பி வந்து இணைவதற்காக விண்வெளி வீரர் மைக்கேல் காலின்ஸ் நிலவைச் சுற்றிய கொலம்பியா கலத்தில் காத்திருந்தார். விக்ரமுக்குத் திரும்பும் பயணமே இல்லை. "ஏற்றி வந்ததற்கு நன்றி, நண்பா" என்று லேண்டர் சொன்னதாக இஸ்ரோ அன்று எழுதியதே பொருத்தம். பேருந்திலிருந்து இறங்குபவர் சொல்வதைப் போலத்தான் அது இருந்தது.

அந்த வண்டி நிலவைச் சுற்றியபடியே பூமியின் ஒளியை ஆராய்ந்தது. பிறகு, எரிபொருள் 100 கிலோவுக்கு மேல் மிஞ்சியிருந்ததால், இஸ்ரோ அதைப் பூமியைச் சுற்றும் பாதைக்கே திருப்பிக் கொண்டுவந்தது.