காயலான் கடையில் கிடைத்த பி.பி.சி. மைக்ரோ: பிளக்கில் செருகலாமா?

வணக்கம். இன்று நான் விளக்கம் சொல்லப்போகும் கேள்வி மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு நேயர் அனுப்பியது. பள்ளிக்கூடம் ஒன்று ஏலம் விட்டுக் கழித்த சாமான்களோடு பி.பி.சி. மைக்ரோ என்ற 1980-களின் பிரிட்டிஷ் கணினி ஒன்றும் காயலான் கடைக்கு வந்திருக்கிறது. அதை அவர் 1,200 ரூபாய்க்கு வாங்கி வந்திருக்கிறார். மேல்மூடியில் பள்ளியின் பெயர்ச் சுருக்கமும் ஓர் இருப்பு எண்ணும் வெள்ளை பெயிண்டில் எழுதப்பட்டிருக்கின்றன. "இதை நேராக பிளக்கில் செருகிப் பார்க்கலாமா? பழுப்பேறிய மூடியை வெளுக்க வைக்கலாமா? வீட்டு எல்.இ.டி. டிவியில் இணைத்துப் பிள்ளைகளோடு விளையாட முடியுமா, அல்லது எமுலேட்டரே (இந்தக் கணினியைப் போல நடிக்கும் மென்பொருளே) போதுமா?" என்று கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: செருக வேண்டாம். ஏற்கெனவே ஒருமுறை செருகி, அது ஓடி, நீங்கள் மகிழ்ச்சியில் இருந்தாலும் இரண்டாம் முறை செருக வேண்டாம். இந்தக் கணினியின் பவர் சப்ளைக்குள், மின்சாரம் நுழையும் இடத்திலேயே, இரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. டிவி மெக்கானிக்குகள் இவற்றைக் கண்டென்சர் என்பார்கள். உலோகப் பூச்சுள்ள காகிதத்தைச் சுருட்டி, கண்ணாடி போன்ற மஞ்சள் நிறப் பிசினுக்குள் வார்த்துச் செய்யப்பட்ட பழைய வகை அது. நாற்பது ஆண்டு வெயிலுக்கும் குளிருக்கும் பிறகு அந்தப் பிசினில் தலைமுடி அளவுக்கு மெல்லிய கீறல்கள் விழுகின்றன. கீறல் வழியாக ஈரக்காற்று உள்ளே போய்க் காகிதத்தில் ஊறுகிறது. பிறகு 230 வோல்ட் அதன் மேல் ஏறும்போது உள்ளே கசிவு உண்டாகி, சூடேறி, வெடித்துப் புகைகிறது. அதுவும் உடனே நடக்காது. பத்து நிமிடமோ அரை மணி நேரமோ கணினி ஒழுங்காக ஓடிய பிறகுதான் நடக்கும் என்பதால், "ஓடுகிறதே, ஒன்றும் ஆகவில்லையே" என்ற எண்ணமே நம்மை ஏமாற்றிவிடும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டு சொல்லவில்லை. நான் முதன்முதலில் வாங்கிய பழைய கணினியை, வாங்கிய அன்று இரவே, பொறுக்க முடியாமல் செருகிவிட்டேன். ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடியது. பிறகு பட்டாசுத் திரி சீறுவது போல ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து வெண்புகை, அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டை விட்டுப் போகாத ஒரு நாற்றம். அடுக்களையிலிருந்து ஓடிவந்து மெயினை அணைத்தவர் என் அம்மா. அவசரம் முழுவதும் என்னுடையது. கணினியின் மேல் பழி சொல்ல ஒன்றுமில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கணினியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் இரண்டும் அடிப்பக்கத்தில் இரண்டுமாக, ஃபிக்ஸ் என்று ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட இடங்களில் நான்கு திருகாணிகள் இருக்கும். அந்த நான்கையும் கழற்றினால் மேல்மூடி அப்படியே வந்துவிடும். இவ்வளவு எளிதாகத் திறக்கிற கணினியை இப்போது யாரும் செய்வதில்லை என்பது என் மனக்குறை. உள்ளே இடப்பக்கம் இருக்கும் உலோகப் பெட்டிதான் பவர் சப்ளை. அதிலிருந்து தாய்ப்பலகைக்கு ஏழு கம்பிகள் வரும்: சிவப்பு மூன்று, கறுப்பு மூன்று, ஊதா ஒன்று. சிவப்பு +5 வோல்ட், ஊதா −5 வோல்ட், கறுப்பு பூச்சியம். கழற்றுவதற்கு முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடம் மாற்றிச் செருகினால் சிப்புகள் மொத்தமாகப் போய்விடும்.

பெட்டிக்குள் இருக்கும் அந்த இரண்டு கெப்பாசிட்டர்களில் ஒன்று 0.1 மைக்ரோஃபாரட், மற்றொன்று 0.01 மைக்ரோஃபாரட். எக்ஸ் 2 என்று குறிப்பிட்ட, 275 வோல்ட் ஏ.சி. தாங்கும், இந்தக் காலத்து பிளாஸ்டிக் படல வகையைக் கேட்டு வாங்கி மாற்ற வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் சில பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இந்தப் பெட்டிக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடியவை. சால்டரிங் இரும்பு உங்களுக்குப் பழக்கமில்லை என்றால், சுவிட்சிங் சப்ளைகளைப் பழுது பார்க்கிற மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துவிடுவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. சில தொடக்ககாலக் கணினிகளில் வேறு அமைப்புள்ள கறுப்புப் பெட்டி இருக்கும். அப்படி இருந்தால் மேலும் கை வைக்காமல் எனக்குப் படம் அனுப்புங்கள்.

மாற்றி முடித்து முதல் முறை சுவிட்சைப் போடும்போது கண்ணைவிடக் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள பி.பி.சி. மைக்ரோ தாழ்ந்த சுருதியில் ஒரு முனகலும், உடனே உயர்ந்த சுருதியில் ஒரு பீப்பும் கொடுக்கும். அந்த முனகல் யாரும் திட்டமிட்டு வைத்த இசையல்ல. மின்சாரம் வந்தவுடன் ஒலிச் சிப் தன்பாட்டுக்குக் கத்தத் தொடங்குகிறது; செயலி விழித்து, ராமிலுள்ள ஆணைகளைப் படித்து, அதை அடக்கிவிட்டு, "நான் தயார்" என்று பீப் கொடுக்கிறது. மன்னிக்கவும், ராம் என்று சொல்லிவிட்டேன். ராமில் அல்ல, ரோமில், அதாவது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகச் சிப்பில், உள்ள ஆணைகள். ஆகையால் முனகல் நிற்காமல் தொடர்ந்தால், ஒலிச் சிப் உயிரோடு இருக்கிறது, செயலிதான் தன் வேலையைத் தொடங்கவில்லை என்று பொருள். அப்போது பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் சாக்கெட்டில் நிற்கும் சிப்புகளின் கால்களில் களிம்பு ஏறியிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஒவ்வொன்றாக மெதுவாக நெம்பி எடுத்து, கால்களைத் துடைத்து, மறுபடி அதே இடத்தில் அழுத்தினால் பாதிக் கணினிகள் எழுந்துவிடுகின்றன. எதுவுமே கேட்கவில்லை என்றால் முதலில் 5 வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள்.

இந்தக் கணினி உங்கள் ஊர்ப் பள்ளிக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூடியை வெளுக்கலாமா என்ற இரண்டாம் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. பிரிட்டனில் பொதுமக்களுக்குக் கணினி கற்பிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் திட்டமிட்ட பி.பி.சி., அதனோடு சேர்ந்து விற்க ஒரு கணினியைத் தேடியது. கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் இன்னும் சிலரும் தூக்கத்தைத் தொலைத்து ஒரே வாரத்துக்குள் மாதிரியை ஓட வைத்துக் காட்டினார்கள். 1981 டிசம்பரில் கணினி வெளிவந்தது. 1982 ஜனவரியில் தொடர் தொடங்கியது. 32 கிலோபைட் நினைவகம், 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 6502 செயலி, இவைதான் உங்களிடம் இருக்கும் மாடல் பி. இந்தியாவில் 1984-இல் பள்ளிகளுக்கான கணினிக் கல்வித் திட்டம், கிளாஸ் என்ற பெயரில், சுமார் 250 பள்ளிகளில் தொடங்கப்பட்டபோது அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது இந்தக் கணினியே. மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் யூனிகார்ன் என்ற பெயரில் இதை இங்கேயே தயாரிக்கவும் செய்தது. உங்கள் கணினியின் பெயர்ப்பட்டையில் யூனிகார்ன் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் கொடுத்த 1,200 ரூபாயைப் பற்றிக் கவலையே பட வேண்டாம்.

ஆகவே அந்த வெள்ளை பெயிண்ட் எழுத்தைத் தின்னர் போட்டு அழிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பிரிட்டனில் லட்சக்கணக்கில் விற்ற கணினிகளில் ஒன்று என்ற அளவில் உங்களுடையது அரிய பொருள் அல்ல. தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றின் இருப்புப் பதிவேட்டில் ஏறிய கணினி என்ற அளவில்தான் அரியது, அதற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த எண். பழுப்பு நிறத்தைப் பொறுத்தவரை, ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கும் முறை ஒன்று சேகரிப்பாளர்களிடையே பிரபலமாக இருக்கிறது. நான் அதைச் செய்வதில்லை. திட்டுத்திட்டாக வெளுப்பதும், சில ஆண்டுகளில் பழுப்பு திரும்பி வருவதும் உண்டு. சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், போதும்.

தாய்ப்பலகையின் முன்பக்க வலது மூலையில் வரிசையாக நிற்கும் ரோம் சிப்புகளில் சிலவற்றின் முதுகில் சிறிய கண்ணாடிச் சன்னலும் அதன் மேல் ஒட்டிய தாளும் இருக்கலாம். அந்தத் தாளை உரிக்காதீர்கள். புற ஊதா ஒளி அந்தச் சன்னல் வழியாகப் பட்டுப்பட்டுத்தான் உள்ளே உள்ளது அழியும். கணினி எழுந்தவுடன் நட்சத்திரக் குறியைத் தட்டி, அதையொட்டி ஹெல்ப் என்று ஆங்கிலத்தில் தட்டினால், எந்தெந்த ரோம்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன என்ற பட்டியல் திரையில் வரும். அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்கு எதைக் கற்பித்தார்கள் என்பதற்கு அதைவிட நேரான தடயம் கிடைக்காது.

டிவி இணைப்பு பலர் நினைப்பதைவிட எளிது. பின்பக்கம் மூன்று வகையான படத் துளைகள் இருக்கின்றன. ஆண்டெனா வகைத் துளையை டிவியின் ஆண்டெனா துளையில் இணைத்து, அனலாக் சேனல்களைத் தேடச் சொன்னால் யு.எச்.எஃப். 36-ஆம் சேனலை ஒட்டிப் படம் கிடைக்கும். அதன் வழியே ஒலி வராது. ஒலி கணினிக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில்தான். இதைவிடத் தெளிவு வேண்டுமென்றால் பி.என்.சி. துளையைப் பயன்படுத்துங்கள். சிசிடிவி கேமரா விற்கும் கடையில் கிடைக்கும் பி.என்.சி. மாற்றியைப் போட்டு, டிவியின் மஞ்சள் ஏ.வி. துளையில் செருகினால் கறுப்பு வெள்ளைப் படம் கூர்மையாக வரும். தாய்ப்பலகையில் எஸ் 39 என்று குறித்த இணைப்பைப் பூட்டினால் அதிலேயே வண்ணமும் வரும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக அனுப்பும் மூன்றாவது துளையான ஆர்.ஜி.பி.-யை நம் ஊர் டிவிகள் நேரடியாக ஏற்பதில்லை. ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற சிறிய கணினிப் பலகையை வைத்துச் செய்த எச்.டி.எம்.ஐ. மாற்றி ஒன்று இருக்கிறது. பணம் செலவழிக்க மனம் இருந்தால் அதுவே மிகச் சிறந்த படம் தரும்.

கடைசியாக எமுலேட்டர். விளையாடுவது மட்டுமே நோக்கம் என்றால் பீப்எம் போன்ற எமுலேட்டர் தாராளமாகப் போதும். இதைச் சொல்வதால் சேகரிப்பாளர்கள் சிலர் என்மேல் வருத்தப்படுவார்கள், பரவாயில்லை. 1984-இல் கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எழுதிய எலைட் விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள் கொண்ட எட்டு விண்மீன் மண்டலங்களை அவர்கள் 32 கிலோபைட்டுக்குள் வைத்தார்கள். எந்த உலகத்தின் பெயரையும் விலைவாசியையும் சேமித்து வைக்கவில்லை, தேவைப்படும்போது ஒரு சூத்திரத்திலிருந்து கணக்கிட்டுக்கொண்டார்கள். இது எமுலேட்டரிலும் அப்படியே நடக்கும். ஆனால் திரையைக் கவனியுங்கள். மேலே விண்வெளி நுண்ணிய கறுப்பு வெள்ளைக் கோடுகளாகவும், கீழே கப்பலின் கருவிப் பலகை வண்ணத்திலும் தெரியும். இந்தக் கணினியோ முழுத் திரைக்கும் இவற்றில் ஏதாவது ஒரு படமுறையைத்தான் அனுமதிக்கிறது. டிவியின் மின்கதிர் இறங்கிக் கருவிப் பலகையின் விளிம்பை எட்டும் கணத்தை ஒரு டைமரால் பிடித்து, நொடிக்கு 50 முறை, நடுவழியில் படமுறையை மாற்றியிருக்கிறார்கள். பழைய பெட்டி டிவி ஒன்றில் உண்மைக் கணினியோடு விளையாடும்போது, மேலும் கீழும் சேரும் அந்தக் கோட்டில் சில நேரம் ஒரு சிறு நடுக்கம் தெரியும். அதைக் காட்டினால் பிள்ளைகளுக்கு நான் பத்து நிமிடம் பேசியது ஒரு நொடியில் புரிந்துவிடும்.

கணினியோடு ஃபிளாப்பிகளும் வந்திருந்தால் அவற்றை டிரைவில் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துத் தட்டின் பரப்பைப் பாருங்கள். நம் ஊர்க் காற்றில் பூஞ்சணம் பூக்காத ஃபிளாப்பி குறைவு. பூஞ்சணத்தோடு ஓட்டினால் அந்தத் தட்டும் கெடும், டிரைவின் தலையும் கெடும், அடுத்துப் போடும் நல்ல தட்டும் கெடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவைத்து, முதல் ஓட்டத்திலேயே நகல் எடுத்துவிடுங்கள். இரண்டாம் ஓட்டம் கிடைக்காமல் போகலாம். அன்றாட விளையாட்டுக்கு, கணினியின் அடிப்பக்கத்தில் உள்ள யூசர் போர்ட்டில் செருகும் எஸ்.டி. அட்டை இணைப்பியே வசதி. அதன் அருகில் டியூப் என்று குறித்த அகலமான துளை ஒன்றும் இருக்கும். 1985-இல் ஏகார்ன் உருவாக்கிய முதல் ஏ.ஆர்.எம். செயலியை பி.பி.சி. மைக்ரோவோடு பேச வைத்தது அந்தத் துளை வழியாகத்தான். நீங்கள் இந்தக் காணொளியைப் பார்க்கும் கைபேசிக்குள் இருப்பது அநேகமாக அதன் வழிவந்த செயலி.

நேயர் கெப்பாசிட்டர்களை மாற்றி முடித்ததும், அந்த ஹெல்ப் பட்டியல் திரையில் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பினால் நன்றாக இருக்கும். அடுத்த கேள்விக்குப் போவோம்.