இரண்டாவது அழுகை

(மன்னார்குடியில் ஒரு திரையிடலுக்குப் பிறகு பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். படத்துக்குள் போவதற்கு முன்னால் என் சித்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பட்டுக்கோட்டைப் பக்கம் சித்திக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. 2018 நவம்பர் 16 அன்று வந்த கஜா புயலில் ஒரே ராத்திரியில் தோப்பு படுத்துவிட்டது. நாலாம் நாள் டிவிக்காரர்கள் வந்தார்கள். சித்தி அழுதுகொண்டே பேசி முடித்தார். கேமராக்காரத் தம்பி, "அம்மா, சத்தம் சரியா விழல. அந்தா வேரோட சாஞ்சு கெடக்குதே, அந்த மரத்துக்கிட்ட வந்து இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார். சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சேற்றில் நடந்துபோய் நின்று, மறுபடி அழுதார். ஒளிபரப்பானது அந்த இரண்டாவது அழுகைதான். ஊரில் கரண்ட் இல்லை; ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். அவர் எப்போது அழுவார் என்று நானும் காத்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது நாம் பார்த்த 'ரியல் லைஃப்' படம் 1979இல் அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஆல்பர்ட் புரூக்ஸ் எடுத்தது. அதற்கு ஆறு வருஷம் முன்பு, 1973இல், அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒரு நிஜக் குடும்பத்தைப் பன்னிரண்டு வாரம் காட்டினார்கள். கணவனும் மனைவியும் பிரிவதையே நாடு உட்கார்ந்து பார்த்தது. புரூக்ஸ் அதைத்தான் பகடிக்கு எடுத்துக்கொண்டார். தன் சொந்தப் பெயரிலேயே புகழ்பெற்ற இயக்குநராக நடித்து, ஒரு கால்நடை மருத்துவரின் வீட்டுக்குள் நுழைகிறார். கேமராவையே தலைக்கவசம்போல மாட்டிக்கொண்ட ஆட்கள் சமையலறையில் நிற்கிறார்களே, அதைக் கவனித்தீர்களா? அவர்களுக்கு முகமே இல்லை. மருத்துவர் கைதவறி ஒரு குதிரை செத்துப்போகிறது. 'அதைப் படத்தில் போடாதீர்கள்' என்று அவர் கெஞ்சுகிறார். அந்த இடத்தில் அரங்கமே சிரித்தது. எனக்குச் சேறும் அந்தத் தென்னைமரமும்தான் கண்ணில் வந்தன. கடைசியில், படத்துக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதற்காக இயக்குநர் அந்த வீட்டுக்கே தீ வைக்கிறார்.

'பிக் பிரதர்' நெதர்லாந்தில் 1999இல்தான் தொடங்கியது. தமிழுக்கு 'பிக் பாஸ்' வந்தது 2017இல். அந்த வீட்டுக்குள் யார் அழுதார், யார் யாரோடு பேசவில்லை என்று நம் டீக்கடைகளில் காலையில் அலசுகிறோம். உள்ளே போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. புகழ் தேடுவது பாவமில்லை. நம் கண்ணுக்கு எது தீனியாகிறது என்பதே என் கவலை.

நம் மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் முதலில் மேடைக்கு வருகிறவர் கோணங்கி. கோமாளி வேஷம் பார்த்தவுடன் தெரியும், சிரிக்கத் தயாராகிவிடுவோம். போலி ஆவணப்படத்தில், அதாவது 'ரியல் லைஃப்' மாதிரி நிஜம்போலவே எடுத்த கற்பனைப் படத்தில், வேஷம் தெரியாது. பேட்டி, ஆடும் கேமரா, நிதானமான பின்னணிக் குரல் எல்லாம் செய்திப் படம் போலவே இருக்கும். நம்பித்தான் பார்க்க ஆரம்பிப்போம். 1992இல் வந்த பெல்ஜியப் படம் ஒன்றில், கொலைகாரனைப் படமெடுக்கப் போன குழு மெல்ல மெல்லக் கொலைக்குக் கைகொடுக்கிறது. பாதிப் படத்துக்கு மேல் என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அதுவரை சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தைத் தருகிற படங்கள் தமிழில் வரவேண்டும். இங்கே இருக்கும் பிள்ளைகளிடம் போன் இருக்கிறது, எடுங்கள்.

போன மாதம் சித்தியிடம் இந்தப் படக் கதையைச் சொன்னேன். நட்டுவைத்த புதுக் கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மடையைத் திருப்பிவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "அப்ப நான் மொத வாட்டி அழுததை என்னப்பா பண்ணிருப்பாங்க?"