ஆயிரத்தில் ஏழு பேர்

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டில் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நெஞ்சுவலி என்று ஒருவர் வருகிறார். ஈசிஜி எடுத்துப் பார்க்கிறார்கள். மாரடைப்பு என்று தெரிந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன்பே 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்துவிடுகிறார்கள். ரத்தம் கட்டியாக உறைவதைத் தடுக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, ரத்தக் கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டின் 8. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் இது. அந்த 14இல் முதல் 6 மாத்திரைகளின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டு போனால் ஒரு மனிதரின் வேலையில் போய் நிற்போம். சலீம் யூசுஃப். கேரளத்தில் கொட்டாரக்கரையில் 1952இல் பிறந்தவர், பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பிறகு ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனார். இன்று அவர் எழுதிய ஆய்வுகளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தது 1980களின் தொடக்கத்தில். அப்போது மாரடைப்பு வந்தவருக்கு வலி குறைய மார்ஃபின் போடுவோம், மூக்கில் ஆக்சிஜன் வைப்போம், அசையாமல் படுக்கச் சொல்வோம். இதயத் துடிப்பு தாறுமாறாகப் போனால் அதற்கு ஊசி. அவ்வளவுதான். அடைத்துக்கொண்ட ரத்தக்குழாயை ஒன்றும் செய்ய மாட்டோம். செய்ய முடியும் என்று நிரூபித்துக் காட்டியவர் யாரும் இல்லை. மருந்துகள் இல்லாமல் இல்லை. 100 பேர், 200 பேர் என்று வைத்துச் செய்த சிறு சோதனைகள் நிறையவே இருந்தன. ஒன்று பலன் உண்டு என்னும், அடுத்தது இல்லை என்னும். படிக்கிற டாக்டருக்குத் தலை சுற்றும்.

ஆக்ஸ்ஃபோர்டில் யூசுஃபும், புள்ளியியல் அறிஞர் ரிச்சர்ட் பீட்டோவும், ரோரி காலின்ஸும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு விடை சொன்னார்கள். பெரிய, எளிய சோதனைகள் நமக்கு ஏன் தேவை என்று கேட்டு 1984இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வாதம் இதுதான். மாரடைப்பைப் போன்ற ஒரு நோயில் எந்த மருந்தும் சாகக் கிடப்பவரைப் பாதிக்குப் பாதி எழுப்பி உட்கார வைத்துவிடாது. நல்ல மருந்து என்றால் சாவை நூற்றுக்கு 15, 20 பங்கு குறைக்கும். அந்தச் சிறிய பலனை 200 பேரிடம் தேடினால் கண்ணில் படாது, பல ஆயிரம் பேர் வேண்டும். அத்தனை பேரைச் சேர்க்க வேண்டுமானால் சோதனை எளிதாக இருந்தாக வேண்டும். வேலைப் பளுவில் மூச்சு முட்டும் சாதாரண ஆஸ்பத்திரி டாக்டரும் கலந்துகொள்ளும்படி இருக்க வேண்டும்.

அவர்கள் செய்ததும் அப்படியேதான். ஐசிஸ் (மாரடைப்பில் உயிர் பிழைப்பது பற்றிய பன்னாட்டு ஆய்வு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பெயரில் நடந்த அந்தச் சோதனைகளில், டாக்டர் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு போன் போடுவார். 24 மணி நேரமும் எடுக்க ஆள் இருக்கும். நோயாளியைப் பற்றி நாலு கேள்வி கேட்டுவிட்டு, மருந்தா இல்லையா என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி அங்கிருந்து சொல்வார்கள். நோயாளி வீடு திரும்பும்போது ஒரு சின்னப் படிவத்தை நிரப்பி அனுப்பினால் போதும்.

முதல் ஐசிஸ் சோதனையின் முடிவு 1986இல் வந்தது. மாரடைப்பு வந்த 16,027 பேர். பாதிப் பேருக்கு அட்டெனொலால் என்ற மருந்து. மருந்து பெற்றவர்களில் முதல் வாரத்தில் இதய, ரத்தக்குழாய்க் கோளாறால் இறந்தவர்கள் 313 பேர், பெறாதவர்களில் 365 பேர். ஆயிரத்துக்கு ஏறக்குறைய 7 பேர் வித்தியாசம். வெறும் 7 பேர்தானா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அப்போது தோன்றியது. 16,000 பேரைச் சேர்க்காமல் விட்டிருந்தால் அந்த 7 பேர் இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது என்பது பிறகுதான் உறைத்தது.

இரண்டாவது ஐசிஸ் 1988இல் வெளியானது. அதற்குள் யூசுஃப் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்குப் போய்விட்டார். ஆகவே அந்தப் புகழ் முழுவதும் அவருடையது என்று சொல்வது சரியல்ல. ஆனால் தொடக்கத்தில் அவர்கள் சேர்ந்து போட்ட பாதையில் நடந்த வேலை அது. 417 ஆஸ்பத்திரிகள், 17,187 நோயாளிகள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி ஒருபுறம், தினம் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஒருபுறம். சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டுமே இல்லை. மருந்து சீக்கிரம் ரத்தத்தில் சேர வேண்டும் என்பதற்காக முதல் ஆஸ்பிரினை மெல்லவோ, சப்பவோ, பொடித்துப் போடவோ சொன்னார்கள். ஐந்து வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். எதுவும் பெறாத 4,300 பேரில் ரத்தக்குழாய்க் கோளாறால் இறந்தவர்கள் 568. இரண்டும் பெற்ற 4,292 பேரில் 343. ஆஸ்பிரின் தனியாகவே சாவை ஏறக்குறைய கால் பங்கு குறைத்திருந்தது.

தலைவலிக்குப் போடுகிற மாத்திரை! நான் வேலை பார்த்த இடத்துக்கு அந்த முடிவு வெளியான மருத்துவ இதழ் சில மாதம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. மூத்தவர் ஒருவர் கட்டுரையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "காசுக்கு ஒன்று விற்கிற மாத்திரை மாரடைப்பை நிறுத்துமா" என்று மூடி வைத்துவிட்டார். எங்கள் வார்டில் ஆஸ்பிரின் வழக்கமாக இன்னும் நாளானது. அந்த இடைவெளியில் வந்துபோன முகங்களை இன்றும் நினைத்துக்கொள்வேன். அவரை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மாணவர்களுக்கு நான் தவறாமல் காட்டுவேன். வயதுவாரியாக, ஆண் பெண் வாரியாக, இன்னும் பலவாறு பிரித்து மருந்து யாருக்கு அதிகம் பலன் தந்தது என்று காட்டும் அட்டவணை ஒன்று இருக்கிறது. அப்படித் துண்டு துண்டாகப் பிரித்தால் தற்செயலாகவே தவறான முடிவுகள் வரும் என்பதை எச்சரிக்க, நோயாளிகளைப் பிறந்த ராசிப்படியும் பிரித்துப் போட்டார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரினால் சற்றுக் கெடுதல், மற்ற எல்லா ராசிகளுக்கும் பெரும் நன்மை என்று வந்தது! (அங்கே ராசி என்பது பிறந்த தேதியைக் கொண்டு சூரியனை வைத்துப் பார்ப்பது, நம் ஊர் போலச் சந்திரனை வைத்து அல்ல.) மிதுன ராசிக்காரர் என்பதற்காக எந்த டாக்டரும் ஆஸ்பிரினை நிறுத்த மாட்டார். அதே போல, ஒரு சிறு கூட்டத்தில் மட்டும் பலன் தெரியவில்லை என்றால் அவசரப்பட்டு முடிவு கட்டவும் கூடாது. புள்ளியியலை இதைவிடத் தெளிவாகச் சொல்லித்தரும் பாடத்தை நான் பார்த்ததில்லை.

வேறு வேறு ஆட்கள் செய்த சோதனைகளின் முடிவுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் வேலையிலும் யூசுஃபுக்குப் பெரிய பங்கு உண்டு. 1985இல், அட்டெனொலாலின் இனமான பீட்டா பிளாக்கர் மருந்துகளைப் பற்றி அவரும் கூட்டாளிகளும் அப்படி எழுதிய தொகுப்பு, இதயவியலில் அந்த முறைக்கே வழிகாட்டியாக இருந்தது. அதில் பயன்பட்ட கணக்கு முறையைப் பீட்டோவின் பெயரோடு யூசுஃபின் பெயரையும் சேர்த்தே பலர் சொல்கிறார்கள்.

அப்புறம் வந்தவை வேகமாக வந்தன. 1991இல், இதயம் பலவீனமானவர்களுக்கு எனலாப்ரில் உயிர் காக்கும் என்று காட்டிய சோதனை. 1992இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2000இல், எனலாப்ரிலின் இனமான ராமிப்ரில் என்ற மருந்து பற்றிய சோதனை. அதே சோதனையில் வைட்டமின் ஈயையும் சேர்த்துப் பார்த்தார்கள். பலன் ஒன்றும் இல்லை என்று வந்தது. அதையும் அப்படியே வெளியிட்டார்கள். 2001இல் குளோபிடோக்ரல். 12,562 பேர், அடைப்பு முழுவதும் ஆகாத வகை நெஞ்சுவலியோடு வந்தவர்கள். ஆஸ்பிரினோடு இதையும் கொடுத்தபோது இதய, ரத்தக்குழாய்க் கோளாறால் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்து நூற்றுக்கு 11.4இலிருந்து 9.3ஆகக் குறைந்தது. ரத்தக்கசிவு கொஞ்சம் கூடியது. அதில் முதல் நாள் கொடுத்த அளவு 300 மில்லிகிராம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் 75 மில்லிகிராம் மாத்திரை நாலும் சேர்ந்தால் அதே 300தான். அட்டோர்வாஸ்டாட்டின் கதை வேறு, அதை இன்னொரு நாள் பேசலாம்.

நமக்கு மிக நெருக்கமானது அவருடைய இன்டர்ஹார்ட் ஆய்வு. 2004இல் வந்தது. 52 நாடுகள், மாரடைப்பு வந்தவர்கள் சுமார் 15,000 பேர், வராதவர்கள் அதே அளவு. அதுவரை மாரடைப்பைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பிய மக்களிடமிருந்து வந்தது. நம் உடம்பு வேறு, நம் காரணங்கள் வேறு என்று நம்மில் பலர் சொல்லிக்கொண்டிருந்தோம். புகை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம், மது, உடற்பயிற்சி என்ற ஒன்பதே விஷயங்கள் ஆண்களில் 90 விழுக்காடு, பெண்களில் 94 விழுக்காடு அபாயத்துக்கு விளக்கம் தருகின்றன, எந்த நாடானாலும் என்று அந்த ஆய்வு காட்டியது. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் ஆகிய நாட்டவரைத் தனியாகப் பார்த்த கட்டுரை 2007இல் வந்தது. நமக்கு முதல் மாரடைப்பு வரும் வயது நடுவாக 53. மற்றவர்களுக்கு 59ஐ ஒட்டி. காரணம் மர்மமானது அல்ல, அதே ஒன்பதில் உள்ள கெடுதல்கள் நம்மை இளவயதிலேயே பிடித்துக்கொள்கின்றன. மாரடைப்பு வராத நம்மவர்களிலேயே உடற்பயிற்சி செய்கிறவர்கள் நூற்றுக்கு 6 பேர்தான் இருந்தார்கள். மற்ற நாடுகளில் 22 பேர்.

எல்லாவற்றையும் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அவருடைய ப்யூர் ஆய்வு, சென்னை உட்படப் பல ஊர்களில் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து வருகிறது. உப்பு, கொழுப்பு பற்றி அதில் வந்த முடிவுகளைப் பலர் கடுமையாக மறுத்தார்கள். மக்களைக் கவனித்து எழுதிக்கொள்ள மட்டும் செய்யும் ஆய்வு, சீட்டுக் குலுக்கிச் செய்யும் சோதனைக்கு ஈடாகாது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து. அந்த அளவுகோலை உலகுக்கு வற்புறுத்திச் சொன்னவர்களில் யூசுஃபே ஒருவர்.

ஆனால் அதே ப்யூரில் 2011இல் வந்த ஒரு கட்டுரையை மறுப்பார் இல்லை. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். இந்தியாவையும் சேர்த்த ஏழை நாடுகளில், நிரூபிக்கப்பட்ட மருந்துகளில் ஒன்றைக்கூடச் சாப்பிடாதவர்கள் நூற்றுக்கு 80 பேர். பணக்கார நாடுகளில் 11 பேர்.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். தறி நெய்பவர், ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். மஞ்சள் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து நீட்டினார். இரண்டு வருடத்துக்கு முந்தையது, மடிப்புகூடக் கலையவில்லை. அதில் ஆஸ்பிரின், எனலாப்ரில், எல்லாம் சரியாக எழுதியிருந்தது. மாத்திரை எங்கே என்று கேட்டேன். "வலி போயிடுச்சு சார், ஒரு மாசத்துலயே நிறுத்திட்டேன்" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "நிறுத்தக் கூடாதுன்னு யாருமே சொல்லலையே சார்" என்றார். அவர்களை உட்கார வைத்து, சீட்டில் இருந்த ஒவ்வொரு மருந்தாகத் தொட்டுக் காட்டி, இது எதற்கு, இது எதற்கு என்று சொல்லத் தொடங்கினேன். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. அன்று ஓபி முடிய மூன்று மணி ஆனது.

வணக்கம்.